தரகர் சொன்ன உயரம்

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் என் மனைவி படுத்திருக்கிறாள். இடது இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்து உலோகம் வைத்திருக்கிறார்கள். அது நன்றாகவே முடிந்தது என்கிறார்கள். இனிமேல் புண் ஆற வேண்டும், அவள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் அவள் சாப்பிட வேண்டும். அவள் சாப்பிடுவதில்லை.

எலும்பு டாக்டர் ஒரு இளம்பெண். என் மகளைவிடச் சின்னவர். என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சார், இந்த வயசுல படுத்தே இருந்தா நுரையீரல்ல சளி கட்டிக்கும், முதுகுல புண்ணு வரும். எங்க வேல முடிஞ்சிடுச்சி. இனிமே தட்டுல இருக்கறதுதான் மருந்து. அவுங்க தொடையில தசையே இல்ல. எத வெச்சி எழுந்து நிப்பாங்க?"

உள்ளே போய் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தேன். ஒரு கரண்டி வாயருகே கொண்டுபோனேன். அவள் உதட்டை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

"வேணாங்க. ஜாஸ்தியாயிடும்."

எடை ஜாஸ்தியாகிவிடும் என்கிறாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு, ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் கிடக்கிற ஒருத்தி சொல்கிறாள். இந்தப் பேச்சை அவளுக்குப் பழக்கியவன் நான். மூன்று வருடமாகப் பழக்கினேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கடலூரில் கல்லூரிக் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மஞ்சக்குப்பத்தில் வீடு. காலையில் மைதானத்தில் நடப்பேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒருநாள் அங்கே சாமியானா போட்டு இலவச மருத்துவ முகாம் நடந்தது. அன்றைக்கு அதிசயமாக என் மனைவியும் கூட வந்திருந்தாள். ஒரு நர்ஸ் பெண் உயரம் பார்த்தாள், எடை பார்த்தாள், டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்தாள், விரலில் குத்தி சர்க்கரை பார்த்தாள்.

பி.எம்.ஐ. என்ற கணக்கு அப்போதே எனக்குத் தெரியும். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வருகிற விடை பதினெட்டரையிலிருந்து இருபத்தைந்துக்குள் இருந்தால் உலகத்துக்குச் சரி. நம் நாட்டுக்காரர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதால், இருபத்து மூன்றிலேயே உஷாராகச் சொல்கிறார்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் உடல் பருமன்.

எனக்கு இருபத்திரண்டரை வந்தது. கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனைப் போல நின்றேன். அவளுக்கு எடை அறுபது கிலோ, உயரம் நூற்றைம்பது சென்டிமீட்டர். நர்ஸ் பெண் கணக்குப் பொத்தானை அழுத்துவதற்குள் நான் மனதில் வகுத்துவிட்டேன். இருபத்தாறு புள்ளி ஏழு.

"பருமன் கணக்குல வருதுங்க ஐயா" என்றாள் நர்ஸ்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "நூத்தம்பதா? அடியில சொல்லும்மா" என்றாள்.

"நாலடி பதினோரு இஞ்ச் இருப்பீங்கம்மா."

"அட, என்னா நீ! கல்யாணத்தும்போது அஞ்சடி ஒரு இஞ்ச்னு சொல்லித்தான் குடுத்தாங்க என்ன."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. "தரகர் அன்னிக்கே ரெண்டு இஞ்ச் சேத்துப் பொய் சொல்லியிருக்கான்டி. நாப்பத்தஞ்சு வருசம் கழிச்சி இன்னிக்கித்தான் குட்டு ஒடையுது" என்றேன். கூட நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கல்யாணத் தரகர் என்றால் பெண்ணுக்கு உயரம் கூட்டுவார், பிள்ளைக்குச் சம்பளம் கூட்டுவார். யாருக்குத் தெரியாது? அவளும் சிரித்துவிட்டாள். அத்தோடு அந்த இரண்டு அங்குலம் மறந்தும் போயிற்று.

இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த டேப்பில் அவள் இடுப்பு எழுபத்தெட்டு சென்டிமீட்டர். பெண்களுக்கு எண்பதுக்குள் இருந்தால் நல்லது. அவளுக்குச் சர்க்கரையும் இல்லை. என் இடுப்பு தொண்ணூற்று நான்கு, ஆண்களுக்கு தொண்ணூறுக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை எல்லைக் கோட்டைத் தாண்டியது எனக்குத்தான். குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் ஒரு பானை. பி.எம்.ஐ.க்கு அந்தப் பானை தெரியாது. அது மொத்த எடையைத்தான் பார்க்கும். எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்காது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆளுக்கு இருபத்தேழு வரும், அத்தனையும் தசையாக இருக்கும். எனக்கு இருபத்திரண்டரை வரும், உள்ளே சர்க்கரை இருக்கும்.

இதை அன்றைக்கு அவளே கேட்டாள். "எனக்குச் சக்கர இல்ல, ஒங்களுக்குத்தான் இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. அப்பறம் நான் எப்பிடிங்க ஃபெயிலு, நீங்க பாஸு?"

"வேட்டிக்கி மேல டேப்ப சுத்துனா அப்பிடித்தான் காட்டும்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை. குறிஞ்சிப்பாடியில் அவளுடைய அக்காவுக்கு சர்க்கரை முற்றி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்தக் கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு பல நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. இவளுக்கும் அப்படி ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். கவனியுங்கள், நான் என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன். பயம் பாதி. மீதிப் பாதி, ஓய்வு பெற்ற பிறகு என் பேச்சைக் கேட்க வீட்டில் ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம்.

இருபத்து இரண்டு புள்ளி ஒன்பது என்று இலக்கு வைத்தேன். அவள் உயரத்துக்கு ஐம்பத்தொன்றரை கிலோ. எட்டரைக் கிலோ குறைய வேண்டும். காலைக் காப்பியில் பாலைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தினேன். தயிர் போயிற்று, மோர் வந்தது. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு. ராத்திரி கேழ்வரகுக் கஞ்சி, அதுவும் தண்ணியாக. வறுத்த மீன் கிடையாது, குழம்பு மீனில் ஒரு துண்டு. முட்டையில் மஞ்சள் கரு எனக்கும் கிடையாது, அவளுக்கும் கிடையாது என்று சமதர்மம் பேசினேன். ஆனால் நான் மைதானத்தில் நடந்துவிட்டு நண்பர்களோடு டீக்கடையில் வடை தின்றேன்.

ஹாலில் காலண்டருக்குக் கீழே டிஜிட்டல் எடை மெஷின். ஞாயிறு காலை, காப்பிக்கு முன்னால் அவள் அதில் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன் வளையலைக் கழற்றி வைப்பாள். கைக்கடிகாரத்தைக் கழற்றுவாள். ஒருநாள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு நாள் மெஷினில் நின்றபடியே இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் பிட் அடிக்கிற பையனைப் பிடித்ததுபோல, "கைய எடு" என்றேன். எடுத்தாள். எண் ஏறியது. நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனேன். அந்த ஒன்றும் சொல்லாமல் போவதுதான் நான் கொடுத்த தண்டனை. அன்றைக்கு மத்தியானம் அவள் அந்த ஒரு கரண்டிச் சோற்றையும் எடுக்கவில்லை.

முதுகு வலிக்கிறது என்றாள். எடை குறைந்தால் சரியாகிவிடும் என்றேன். இரண்டாவது வருடம் வலி கூடியது. இன்னும் குறைய வேண்டும் என்றேன்.

புடவை தரையில் இழுக்கிறது, எல்லாப் புடவையும் இழுக்கிறது, இடுப்பில் இன்னொரு சுற்று உள்ளே செருக வேண்டியிருக்கிறது என்றாள். இளைத்தால் புடவை தொளதொளவென்றுதான் இருக்கும் என்றேன். புடவையின் அகலம் மாறாது, தரையும் உயராது என்பதைக் கணக்கு வாத்தியார் யோசிக்கவில்லை.

சமையலறையில் மேல் தட்டில் இருக்கிற டப்பாவை எடுக்க ஸ்டூல் கேட்டாள். பதினைந்து வருடமாகக் கையை நீட்டி எடுத்த டப்பா அது.

பின்கட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிறு. "கொஞ்சம் எறக்கிக் கட்டுங்களேன், எனக்கு எட்டல" என்று சொன்னாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. "கையத் தூக்கி எட்டிப் போடு, அதுவே ஒரு எக்சர்சைஸ்" என்றேன்.

எல்லோரும் பார்த்துச் சொன்னார்கள். அதுதான் கொடுமை. நம் ஊரில் ஒருவரைப் பார்த்து "என்னா இப்பிடி எளச்சிப் போயிட்டீங்க" என்று கேட்டால் அது விசாரிப்பு. உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன கவலை என்று கேட்கிற அக்கறை. அதை நான் மட்டும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மார்க்கெட்டில், கோயிலில், பஸ்ஸில் யார் அவளைப் பார்த்து அப்படிக் கேட்டாலும், அவள் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு "எட்டுக் கிலோ!" என்பேன். கேட்டவர்கள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவளுடைய தம்பி சிதம்பரத்தில் இருக்கிறான். என்னை மாமா என்பான், நான் மச்சான் என்பேன். வாய்த்துடுக்குக்காரன். போன தை மாதம் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவளுக்கு எதிர் வரிசையில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். பரிமாறுகிறவர் அவள் இலையில் ஜாங்கிரி வைக்கக் குனிந்தார். நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், கையை இலைக்குக் குறுக்கே வைத்து வேண்டாம் என்றாள். வடைக்கும் பார்த்தேன். வேண்டாம் என்றாள்.

"என்னா மாமா" என்றான் மச்சான், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "எங்க அக்கா எலையில வெக்கறத இங்கேருந்து கண்ணாலயே வாரறீங்களே. ஒங்க எலையில ரெண்டு ஜாங்கிரி கெடக்குது, அத யாரு பாக்கறது?"

"ஒனக்கு சயின்ஸ் தெரியாது மச்சான்."

"தெரியாதுதான். எங்க அக்கா காலேஜில பந்து வெளயாடினவ, தெரியுமில்ல? அவ தோளப் பாத்தீங்களா இப்ப? ஹேங்கர்ல ரவிக்கய மாட்டுனாப்ல இருக்குது."

பந்தியில் சிரிப்பு. அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே இலையை மூடினாள். வீட்டுக்கு வந்ததும் நான் அவன் படிக்காதவன் என்று பேசினேன்.

இலக்கைத் தொட்ட ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெஷினில் ஐம்பத்தொன்றரை. நான் கை தட்டினேன். உண்மையாகவே கை தட்டினேன். இதைத் தொட்டுவிட்டால் சிதம்பரத்துக்குப் போய் அவள் பிறந்த வீதியில் இட்லியும் கொத்சும் வயிறாரச் சாப்பிடலாம் என்று எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தேன். கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்து செய்கிற அந்தக் கொத்சு அவளுக்கு உயிர். வருகிற சனிக்கிழமை போகலாம் என்றேன். "ஏறிடாதா?" என்று கேட்டாள். "ஒரு நாள்தானே" என்றேன், பெரிய மனது செய்து.

திங்கட்கிழமை காலை அவள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் பேப்பர் படித்தேன். கொடிக்கயிறு எட்டவில்லை என்று பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஏறியிருக்கிறாள். விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணி மூட்டை விழுந்த மாதிரி. துணிதான் விழுந்தது என்று நினைத்து அந்தப் பத்தியைப் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனேன். என் வேட்டி அவள் மேல் கிடந்தது. இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"கயிறு எட்டலிங்க" என்றாள். வலி என்று சொல்லவில்லை. அதைத்தான் முதலில் சொன்னாள்.

கடலூரில் பார்த்தவர்கள் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சனிக்கிழமை போகவிருந்த ஊருக்குத் திங்கட்கிழமையே போனோம், ஆம்புலன்ஸில்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேக்களை அந்த டாக்டர் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடுப்பைக் காட்டினார். பிறகு முதுகுத்தண்டைக் காட்டினார்.

"இங்க பாருங்க சார். இது ரெண்டும் நசுங்கியிருக்கு. சதுரமா இருக்க வேண்டிய எலும்பு, ஆப்பு மாதிரி ஆயிருக்கு பாருங்க. இது இப்ப விழுந்ததுல வந்தது இல்ல, பழசு. எலும்பு ரொம்ப நாளா தேஞ்சிக்கிட்டு இருக்கு. முதுகு வலின்னு சொல்லலியா அவுங்க?"

"சொன்னா."

"ஒயரம் கொறஞ்சிருக்குமே, பாக்கலியா? சின்ன வயசுல அம்மா எவ்ளோ ஒயரம்?"

நூற்றைம்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பெண் பார்க்கப் போனது நினைவுக்கு வந்தது. இதே சிதம்பரம். கீழ வீதிக்குப் பக்கத்தில் அவள் வீடு. ஐந்தடி ஒரு அங்குலம் என்று தரகர் சொல்லியிருந்தார். என் அம்மா லேசில் நம்புகிற ஆள் இல்லை. பலகாரம் சாப்பிட்டு முடித்ததும், "தரகர் வாய நம்பி ஏமாற முடியாது, ரெண்டு பேரும் செருப்பில்லாம பக்கத்துல நில்லுங்க பாப்போம்" என்றாள். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். நின்றோம். என் அம்மா ஒரு பார்வை பார்த்து, ஸ்கேலை எடுத்து வரச் சொல்லி, அவளை நிலைக்கதவில் சாய்த்து அளந்தே விட்டாள். அவள் வீட்டார் முகம் சுருங்கியது. ஐந்தடி ஒரு அங்குலம், ஒரு நூல் குறையவில்லை. அவள் உச்சி என் காதுமடலைத் தொட்டது. நான் வெட்கப்பட்டு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மல்லிகைப் பூ என் காதில் உரசியது.

தரகர் பொய் சொல்லவில்லை. அளந்து பார்த்துத்தான் கட்டிக்கொண்டு வந்தேன். அது எனக்குத் தெரியும். முகாமில் அந்த நர்ஸ் நூற்றைம்பது என்று சொன்னபோதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிரிப்புக்காக அதை விட்டுவிட்டேன்.

ஒரு பின்னத்தின் மதிப்பு கூடினால் மேலே இருப்பது கூடியிருக்கலாம், கீழே இருப்பது குறைந்தும் இருக்கலாம். இதை நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினேன். அவள் பழைய உயரத்துக்கு அந்த அறுபது கிலோவை வகுத்துப் பாருங்கள், இருபத்தைந்துக்கு மயிரிழை கீழே நிற்கும். மீதி ஏறியது அவள் தின்றதால் ஏறவில்லை. முதுகெலும்பு நசுங்கி அவள் குட்டையானதால் ஏறியது. உடைந்துகொண்டிருக்கிற எலும்பு கணக்கில் கொழுப்பு மாதிரி வேஷம் போட்டு வந்தது. நான் அதற்கு மருந்தாகப் பாலை நிறுத்தினேன்.

பிறகு டாக்டரிடம் கேட்டேன், செய்தி கேட்டு வந்திருந்த மகளின் போனில் படிக்கவும் செய்தேன். எழுபதை நெருங்குகிறவர்களுக்கு இருபது முப்பது வயதுக்காரர்களின் இலக்கை வைத்துத் துரத்தக் கூடாதாம். அந்த வயதில் கொஞ்சம் சதை கூடுதலாக இருப்பது ஒரு காப்பு. பட்டினி போட்டுக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், எலும்பும் போகும். தசை போனால் தடுமாறுவார்கள், தடுமாறினால் விழுவார்கள், விழுந்தால் உடையும். அந்தக் கணக்கையே முதலில் கண்டுபிடித்தவர் ஒரு கணிதக்காரராம். ஊர் சனத்தின் சராசரியைப் பார்க்கத்தான் அவர் அதைப் போட்டாராம், ஒரு ஆளின் உடம்புக்குத் தீர்ப்பு எழுத இல்லை. கடைசியாகப் படித்தது என் தொழிலுக்கே வந்த அவமானம். ஆனால் கணக்கைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. அது ஒரு முதல் கேள்வி. அதற்கு அடுத்த கேள்விகளை நான்தான் கேட்கவில்லை. டேப் சொன்னது, சர்க்கரை சொன்னது, முதுகு சொன்னது, புடவை சொன்னது, கயிறு சொன்னது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மச்சான் தினமும் ஒரு டிபன் பாக்ஸோடு வருகிறான். இட்லியும் கொத்சும். அவன் மனைவி செய்து அனுப்புவது. முதல் நாள் மூடியைத் திறந்ததும் அறை முழுக்கச் சுட்ட கத்திரிக்காய் வாசனை. அவள் மூக்கு அதைக் கண்டுபிடித்தது, கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போனது. பிறகு என்னைப் பார்த்தாள். பந்தியில் பார்த்தாளே, அதே பார்வை. கையை வயிற்றின் மேல் குறுக்கே வைத்து, "வேணாம்" என்றாள்.

மச்சான் இந்த முறை கேலி செய்யவில்லை. டப்பாவை மூடினான். "மாமா, நீங்க சொன்னாதான் சாப்புடுவா. சொல்லுங்க மாமா" என்றான்.

சொன்னேன். கெஞ்சினேன். "சாப்புடும்மா, நான் சொல்றேன், சாப்புடு." அவள் என் முகத்தைத் தேடினாள். நிஜமாகச் சொல்கிறேனா, சோதிக்கிறேனா என்று பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்தவளிடம் கைய எடு என்று சொன்னவன்தானே நான்.

உண்மையைச் சொன்னால் சாப்பிடுவாள் என்று தோன்றியது. நேற்றுக் காலை மகள் குளிக்கப் போயிருந்தபோது கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நீ குண்டாக இருந்ததே இல்லை, உன் எலும்பு தேய்ந்து குட்டையாகிவிட்டாய், அதை நான் எடை என்று கணக்குப் போட்டேன், தரகர் பொய் சொல்லவில்லை, பொய் என்று சொல்லிச் சிரித்தவன் நான்தான், நீ பட்டினி கிடந்தது எல்லாம் என் தப்புக் கணக்கு. இப்படித்தான் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தத் தயிரு?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒரு நாளு, நீங்க வாக்கிங் போனப்ப, ரெண்டு ஸ்பூன் தயிரு திருடித் தின்னேன். நீங்க கண்டுபுடிச்சிடுவீங்கன்னு கிண்ணத்தக் கழுவி வெச்சேன். எங்க வீட்ல, என் கையால ஒற ஊத்துன தயிர." அவள் குரல் ஏறவில்லை. அழவும் இல்லை. "அதுக்கு ஒரு மாசம் எனக்கு நெஞ்சு உறுத்திக்கிட்டே இருந்துச்சிங்க. ஒங்களுக்குத் துரோகம் பண்ணிட்டோமேன்னு."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். மகள் வந்ததும், "ஒங்கப்பாவ வெளியில ஒக்காரச் சொல்லு" என்றாள். நேற்று முழுக்க ஒரு வாய்கூட இறங்கவில்லை. தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று பேச ஆரம்பித்தார். நான் என் பாரத்தை இறக்கி அவள் மேல் வைத்துவிட்டேன் என்று அப்போது புரிந்தது. மன்னிப்புக் கேட்பதுகூட எனக்காகத்தான் கேட்டிருக்கிறேன்.

இன்று காலை மச்சான் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். மகள் அதை உள்ளே எடுத்துப் போனாள். நான் வராந்தாவில் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேச்சு என்று தெரியவில்லை. பிறகு ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை முறை என்று எண்ணக் கூடாது என்று என்னை நானே அடக்கினேன். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "புடிங்கம்மா, புடிங்க, நான் இருக்கேன்" என்று குரல். ஒரு முனகல்.

மகள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. டிபன் பாக்ஸை என் மடியில் வைத்தாள். ஒரு இட்லி முழுதாகப் போயிருந்தது. இன்னொன்றில் பாதி இருந்தது.

"நின்னாங்கப்பா. கொஞ்ச நேரந்தான். ஒடனே ஒக்காந்துட்டாங்க."

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"ஒரே ஒன்னு சொன்னாங்க. 'ஒங்கப்பாவ ஊருக்குப் போயி அந்தக் கொடிக்கயிற எறக்கிக் கட்டச் சொல்லு'ன்னாங்க."

என்னை இங்கிருந்து அனுப்பிவிடச் சொல்கிறாளா, வீட்டுக்குத் திரும்பி வரப்போகிறேன் என்று சொல்கிறாளா, தெரியவில்லை. மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. டாக்டரைக் கேட்டால், ஒன்றரை இட்லியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நாளைக்குச் சாப்பிடுகிறார்களா பாருங்கள், நாளான்னைக்குச் சாப்பிடுகிறார்களா பாருங்கள் என்கிறார். மூக்குக் குழாய் பேச்சை இன்னும் கைவிடவில்லை.

மீதிப் பாதி இட்லியை நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து தின்றேன். கொத்சு ஆறிப் போயிருந்தது.

மத்தியான ரயிலில் கடலூர் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். சுவரில் ஆணி அடிக்க வேண்டும், கயிறு கட்ட வேண்டும், அந்த ஸ்டூலை உடைத்துப் போட வேண்டும். வேலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் எந்த உயரத்தில் கட்டுவது? அவள் இப்போது எவ்வளவு உயரம், கையைத் தூக்கினால் எங்கே எட்டும் என்று எனக்குத் தெரியாது. கணக்குப் போட்டுச் சொல்ல நான் துணியவில்லை. அவளைத்தான் கேட்க வேண்டும். நான் உள்ளே போகக் கூடாது.

மகளை உள்ளே அனுப்பியிருக்கிறேன். "அம்மா கைய எவ்ளோ ஒசரம் வரைக்கும் தூக்க முடியுதுன்னு மட்டும் கேட்டுட்டு வா" என்றேன். அவள் போய் நேரமாகிறது. கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.